கல்லறையில் ஒரு பெயர், வயது 19: எங்கிருந்து தேடுவது?

கேள்வி: இங்கிலாந்தில் லிங்கன் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். இங்குள்ள தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லில் 'சார்ஜென்ட், ஏர் கன்னர், 1944, வயது 19' என்றிருக்கிறது. அந்தப் பையனைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. ஏர் கன்னர் என்றால் போர் விமானத்தில் துப்பாக்கி இயக்கியவர். முதலில் கல் எங்கே இருக்கிறது என்பதையே கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியில் விழுந்தவர்களின் உடலை பிரிட்டன் ஊருக்குக் கொண்டுவரவில்லை. பெர்லின், ரைக்ஸ்வால்ட் போன்ற போர்க் கல்லறைகளில் அங்கேயே அடக்கம் செய்தார்கள், உடலே கிடைக்காத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்கள் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகத்தில் இருக்கின்றன. அதனால் உங்கள் பையன் பெரும்பாலும் பிரிட்டனிலேயே இறந்திருக்கிறான்: பயிற்சி விபத்திலோ, அடிபட்ட விமானம் திரும்பி வரும் வழியிலோ. பாம்பர் கமாண்டில், அதாவது பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப்படையில், பயிற்சியிலேயே 5,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கல்லின் மேலே ஒரு எண் இருக்கும், அதுதான் சேவை எண். அதையும் பெயரையும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் போடுங்கள், கட்டணம் கிடையாது. படைப்பிரிவும் பெரும்பாலும் பெற்றோர் பெயரும் ஊரும் வரும். ஊர் உங்கள் கிராமம்தான் என்றால் அவன் அங்கேயே வளர்ந்த பிள்ளை, வீட்டார் உடலைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வேறு ஊர் என்றால் பக்கத்தில் ஒரு விமானத்தளம் இருந்திருக்கும், அதே வரிசையில் இன்னும் சில ராணுவக் கற்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் அவனைத் தனியாகத் தேடாதீர்கள். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் என்றால் அதில் ஏழு பேர், அவர்கள் ஒரு குழுவாகவே பறந்து பெரும்பாலும் ஒன்றாகவே இறந்தார்கள், ஆகவே அதே தேதி, அதே படைப்பிரிவு என்று தேடினால் மற்ற ஆறு பேரில் யாராவது கிடைப்பார்கள், அவர்கள் வழியாக இவன் கதையும் வரும். இதற்கு லிங்கனிலேயே உள்ள இன்டர்நேஷனல் பாம்பர் கமாண்ட் சென்டரின் இழப்புப் பதிவேட்டை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை, அதுவும் இலவசம்.

படைப்பிரிவு தெரிந்துவிட்டால் லண்டன் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 (AIR 27) என்ற ஆவண வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு இரவும் யார் யார் பறந்தார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எப்போது இறங்கினார்கள் என்று தட்டச்சு செய்திருக்கும். திரும்பாதவர்களுக்கு இறங்கிய நேரம் இருக்காது. பயிற்சிப் பிரிவு என்றால் ஏர் 29, விபத்துக்கான காரணம் வேண்டுமென்றால் லண்டன் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) அருங்காட்சியகத்தில் உள்ள விபத்து அட்டைகளைக் கேளுங்கள்.

அவன் வால்பக்கத் துப்பாக்கி வீரனாக இருந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். அந்தக் கூண்டில் பாராசூட்டுக்குக்கூட இடமில்லை, அதை வெளியே, முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டுத்தான் மணிக்கணக்கில் குளிரில் உட்கார வேண்டும். பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள், அத்தனை பேரும் தாங்களாக முன்வந்து பறந்தவர்கள்.

கல்லின் அடியில் ஏதாவது வரி இருந்தால் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது வீட்டார் தேர்ந்தெடுத்ததாக இருக்கும்.