பம்பு மருந்தும் பாட்டில் மருந்தும்: கேள்வி-பதில்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான்களிலிருந்தும் இந்த முறை வந்தவற்றில் பாதிக் கேள்விகளில் மருந்தின் பெயரே இல்லை. "ஒரு வெள்ளை மாத்திரை" என்று எழுதினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அட்டையைப் பார்த்து எழுதுங்கள்.

செம்பனைக்குப் பதினெட்டு வருடமாகப் புல்மருந்து அடிக்கிறேன். கிட்னி போய்விடுமா?

எந்த மருந்து, ஒரு நாளைக்கு எத்தனை பம்பு, கைக்கு என்ன உறை? ஒன்றும் எழுதவில்லை. கிளைபோசேட் என்று வைத்துக்கொள்கிறேன். கலக்காத மருந்தைக் குடித்தவருக்குச் சிறுநீரகம் செயலிழப்பது உண்டு. கலந்து அடிப்பவருக்கு நாளடைவில் என்ன ஆகும் என்பதில் ஆய்வாளர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. வெயில் விஷயத்தில் அவ்வளவு வழக்கு இல்லை. எல் சல்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாத இளவட்டங்களுக்கே சிறுநீரகம் பழுதாகிறது. தினமும் உடம்பு வற்ற வற்ற வேலை செய்வதை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு குவளை தண்ணீர், சுமார் 250 மில்லி. ஐந்து மணி நேர வேலைக்கு 4 லிட்டர் கொண்டு போங்கள். மத்தியானம் சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் குடித்தது போதவில்லை.

அடுத்தது பம்பு. மூடி வாஷர் தேய்ந்தால் மருந்து முதுகு வழியாக இடுப்புக்கு இறங்கும். தொடை இடுக்குத் தோல் முன்கைத் தோலைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். துணிக் கையுறை, உறையே போடாததைவிட மோசம். மருந்தைப் பிடித்து வைத்துக் கையை ஊற வைக்கும். நைட்ரைல் உறை கேளுங்கள், கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. வேலைத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

பூச்சி மருந்து அடித்த அன்று வியர்த்துக் கொட்டுகிறது, எச்சில் ஊறுகிறது, நெஞ்சு ஒரு மாதிரி துடிக்கிறது. பால் குடித்தால் முறியுமா?

முறியாது. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தாக இருந்தால் இவை அதன் அடையாளம். இதயத் துடிப்பு குறையலாம், ஏறலாம், தாறுமாறாகவும் போகலாம். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, மருந்து லேபிளோடு உடனே ஆஸ்பத்திரி. இந்த வகை மருந்தைத் தொடுகிறவர்களுக்கு 12 மாதத்துக்குள் ஒரு முறை முதலாளி செலவில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் விதி இருக்கிறது. "கோலினெஸ்டரேஸ்" ரத்தப் பரிசோதனை என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

ஸ்டோரில் பழைய பாராகுவாட் அரை கேன் இருக்கிறது. கலந்து அடித்துத் தீர்த்துவிடலாமா?

கூடாது. 1.1.2020 முதல் மலேசியாவில் தடை. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள், விவசாய இலாகாவைக் கேளுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் மாற்றி வைத்திருந்தால் இன்றைக்கே பூட்டி வையுங்கள். இரண்டு மூன்று தேக்கரண்டி உள்ளே போனாலே உயிர் போகும். முறிவு மருந்து கிடையாது.

அப்பாவுக்கு முட்டிவலி. பாசார் மாலாமில் 30 வெள்ளிக்கு ஒரு பாட்டில் மூலிகை மாத்திரை. மூன்றே நாளில் நடக்கிறார். பக்க விளைவு இல்லை என்கிறார்கள், தொடரலாமா?

மூன்று நாளில் நடந்தார் என்பதுதான் எனக்குப் பயம். எந்த மூலிகையும் தேய்ந்த முட்டியை மூன்று நாளில் நடக்க வைக்காது, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வைக்கும். மூலிகை என்ற பெயரில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்து விற்றதை சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், முகத்தை உப்ப வைக்கும். "அப்பா முகம் தெளிந்துவிட்டது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

வலி மாத்திரை வேறு விதம். டைக்ளோஃபெனாக், மெஃபனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் மூன்றும் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைக்கும் சுரப்பை இவை நிறுத்துகின்றன. உடம்பில் நீர் இருக்கும்போது தெரியாது. வெயிலில் வற்றி வந்து, ஏற்கெனவே பெரிண்டோபிரில் மாதிரி அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சில நாளிலேயே சிறுநீரகம் படுத்துவிடலாம். உப்பையும் நீரையும் தேக்குவதால் கால் வீங்கும், பலவீனமான இதயம் திணறும். டைக்ளோஃபெனாக் மாரடைப்பு வாய்ப்பையும் கூட்டுகிறது. புல்மருந்து கிட்னியைக் கெடுக்குமா என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் வலி மாத்திரையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: அந்த மூலிகை மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போனவருக்குச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் சரிந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. பாட்டிலோடு அப்பாவை நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப் போங்கள். அடுத்த முறை வாங்கும் முன் "எம்ஏஎல்" என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணைப் பாருங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-வின் இணையப் பட்டியலில் அதே பெயரில் வருகிறதா என்று தேடுங்கள். போலி எண்ணும் உண்டு. லேபிள் இல்லாததை உடம்பில் ஏற்றாதீர்கள். முட்டிக்குப் பாராசிட்டமால், எடை குறைப்பு, தொடைப் பயிற்சி. மெதுவாகத்தான் குறையும்.

உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். கடையில் "சோடியம் குறைந்த உப்பு" இருக்கிறதே?

அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு நல்லதுதான். பழுதானவருக்கு, அல்லது பெரிண்டோபிரில், ஸ்பைரனோலாக்டோன் (ஒரு வகை நீர் மாத்திரை) எடுப்பவருக்கு ஆபத்து. ஒரு நாள் கணக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. ஒரு மேசைக்கரண்டி கிச்சாப்பிலேயே (சோயா சாஸ்) 2 கிராமுக்கு மேல் போய்விடும். கருவாடு, அப்பளம், ஊறுகாய், பெலாச்சான் சம்பல் எல்லாம் இதே கணக்கில்தான் வரும் அம்மா, "குழம்பில் கம்மியாகத்தான் போடுகிறேன்" என்று எழுதிப் பயனில்லை. மீ பாக்கெட் தூளில் பாதியைக் கொட்டிவிடுங்கள், சாற்றைக் குடிக்காதீர்கள்.

டயாலிசிஸ் செய்யும் அம்மாவுக்கு இளநீர் கொடுக்கலாமா? பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸ்?

இளநீர் வேண்டாம், ஒரு குவளையில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம், இதயத்தையே நிறுத்தக்கூடியது. பெலிம்பிங் ஒரு துண்டுகூட வேண்டாம். நிற்காத விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியும்.

ஜெரிங் கொட்டையைப் பச்சையாகத் தின்றால் சிறுநீரகத்துக்கு நல்லது என்கிறார்களே?

நேர் எதிர். அதன் அமிலம் சிறுநீர்ப் பாதையில் படிகமாகி அடைக்கும். விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம்.

முகம் வெளுக்க ஆன்லைனில் வாங்கிய கிரீம். இப்போது கால் வீக்கம், சிறுநீரில் நுரை. சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு, தங்கச்சி. இப்படிப்பட்ட கிரீம்கள் பலவற்றில் பாதரசம் இருக்கும். தோல் வழியே போய்ச் சிறுநீரக வடிகட்டியைக் கிழிக்கும், புரதம் ஒழுகும். இன்றே நிறுத்துங்கள், டப்பாவோடு போங்கள். பலருக்கு நிறுத்திய பிறகு சில மாதங்களில் சரியாகிறது. லேபிள் இல்லாதது பூசினாலும் ஏற்றியதுதான்.

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று நிறுத்திவிட்டேன். கிரியேட்டினின் நார்மல். சரிதானே?

தப்பு. கெடுப்பது சர்க்கரை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைப்பார்கள், அதைக் கேட்டு நீங்களே குழம்பியிருக்கிறீர்கள். ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் பாதிச் சிறுநீரகம் போகும்வரை நார்மலாகவே காட்டும். சிறுநீரில் புரதம் ஒழுகுவதைக் காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். அது 3 மில்லிகிராம்/மில்லிமோலுக்கு மேல் இருந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி.