வாசலில் வந்து கூப்பிடும் டாக்டர்

அன்புள்ள மேடம்,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய். ஆறு வருடமாக ஒரே மனநல மருத்துவரிடம்தான் போகிறேன், அதற்கு லித்தியம் என்ற மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். இப்போது வேலை மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். அவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு முழு நாள் போய்விடுகிறது. வீடியோ காலில் பார்க்கலாமா என்று கேட்டேன். "எனக்கு அது சரிப்படாது, நேரிலேயே வாங்க" என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை.

அவரிடம் போனால் மொத்தமே பதினைந்து நிமிடம்தான். வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே போனதும் கையை நீட்டச் சொல்வார். தூக்கம் எப்படி, மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேனா என்று கேட்பார். எழுதிக் கொடுப்பார். இதற்கு ஒரு நாள் லீவு போட வேண்டுமா? "பழைய காலத்து ஆள், கம்ப்யூட்டர் பயம்" என்கிறார்கள் நண்பர்கள். நீங்களும் இந்தத் துறையில் இருப்பவர் என்பதால் கேட்கிறேன். மனநலத் துறையில் இருப்பவர்கள் ஏன் ஆன்லைன் என்றதும் முகம் சுளிக்கிறார்கள்? நான் வேறு டாக்டரைப் பார்த்துக்கொள்வதுதான் நல்லதா?

ர.

*

அன்புள்ள ர,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். 2020 மார்ச் வரை நானும் உங்கள் டாக்டரின் கட்சிதான். வீடியோவில் கவுன்சலிங் செய்வீர்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம், மன்னிக்கவும் என்று ஒரு வரியில் பதில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏன் என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் "சிகிச்சை உறவு", "உடல்மொழி" என்று இரண்டு கனமான சொற்களைச் சொல்லித் தப்பித்திருப்பேன். பெருந்தொற்று வந்து கதவைச் சாத்தியபோதுதான் வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் தொழிலில் பெரும்பாலானோர் கதை இதுதான். நம்பிக்கை வந்து ஆரம்பித்தவர்கள் குறைவு. ஆரம்பித்த பிறகு நம்பிக்கை வந்தவர்களே அதிகம்.

இந்த முறை நேற்று முளைத்ததல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் செசில் விட்சன் என்ற மருத்துவர் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சியை வைத்துச் சிகிச்சையும் பாடமும் நடத்தினார். 1964-ல் அங்கிருந்து 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் அரசு மனநல மருத்துவமனைக்கு இணைப்பு போட்டார்கள். நோயாளி அங்கே, நிபுணர் இங்கே. அதற்குப் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் இந்த முறை ஒரு மூலையில்தான் கிடந்தது. கருவி விலை அதிகம், வேகமான இணைப்பு இல்லை, பணம் யார் கட்டுவது என்ற குழப்பம், ஓர் எல்லைக்குள் வாங்கிய லைசென்ஸ் அடுத்த எல்லையில் செல்லுமா என்ற சிக்கல், எல்லாம் உண்மை. ஆனால் அவை ஒவ்வொன்றாக விலகிய பிறகும் எங்கள் ஆட்கள் நகரவில்லை.

உங்கள் நண்பர்கள் சொல்லும் கம்ப்யூட்டர் பயத்துக்கு வருகிறேன். ஒரு புதுக் கருவியை மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்களா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன என்று 1989-ல் ஃப்ரெட் டேவிஸ் என்ற ஆய்வாளர் எழுதினார். இது எனக்குப் பயன்படுமா? இதைக் கையாள்வது சுலபமா? பிறகு 1999-ல் ஹாங்காங்கில் டெலிமெடிசின், அதாவது தொலைவிலிருந்தே நோயாளியைப் பார்க்கும் முறை பற்றி மருத்துவர்களிடம் இதே கேள்விகளை வைத்துப் பார்த்தார்கள். சுலபமா இல்லையா என்பது அவர்களுக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. பயன்படுமா என்பது மட்டும்தான் கணக்கில் வந்தது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. பத்து வருடம் படித்துத் தேறிய ஒருவருக்கு நான்கு பட்டன்கள் எம்மாத்திரம்? ஆனாலும் எங்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகளில் இன்றைக்கும் மைக்கை எங்கே அணைப்பது, திரையை எப்படிப் பகிர்வது என்றுதான் சொல்லித் தருகிறார்கள். எதிரே இருப்பவர் அழும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அங்கேதான் தயக்கம் இருக்கிறது. என் முதல் வார வீடியோ அமர்வு ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நான் போயிருக்கணும்" என்றார். பிறகு மௌனம். தலை லேசாகக் குனிந்திருந்தது. அந்த மௌனத்தைக் கலைக்கக் கூடாது என்று இத்தனை வருடப் பழக்கம் சொன்னது. நானும் முகத்தை மிகவும் கனிவாக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அரை நிமிடத்துக்கு மேல் ஆனபோதுதான் உறைத்தது, அவர் இமைக்கவே இல்லை. நெட் போய் படம் உறைந்திருக்கிறது! மறுபடி இணைந்ததும் அவர் கேட்டது: "கடைசியா நான் சொன்னது கேட்டுச்சா மேடம்?" கேட்கவில்லை. அதை இரண்டாவது முறை சொன்னார். ஆனால் இரண்டாவது முறை சொல்லும்போது அது ஒரு தகவலாகிவிட்டது.

சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன். ஆனால் நாங்கள் எதை இழப்பதாக நினைக்கிறோம் என்பது இதில் இருக்கிறது. சாதாரணப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி. மொழிக்கு மொழி கொஞ்சம் மாறினாலும் கிட்டத்தட்ட இதுதான். இணைப்பில் அதே அளவு தாமதம் ஏறினால் போதும், இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க" என்று ஆகிவிடும். வாய் திறக்கப் போனவர் அந்தக் குழப்பத்தில் சொல்ல வந்ததை விழுங்கிவிடலாம். அப்புறம் பின்னணி இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று இருக்கிறது. மின்விசிறிச் சத்தத்தோடு பெருமூச்சையும் விசும்பலையும் சேர்த்து அது அமுக்கிவிடக்கூடும். கண் பார்த்துப் பேசுவதும் இங்கே நடக்காத காரியம். நான் உங்கள் கண்ணைப் பார்த்தால் என் பார்வை கீழே இறங்கியதாக உங்களுக்குத் தெரியும். கேமராவைப் பார்த்தால் உங்களுக்கு நேராகத் தெரியும், ஆனால் உங்கள் முகம் எனக்குத் தெரியாது.

போதாததற்கு ஒரு மூலையில் என் முகம் வேறு. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரெமி பெய்லன்சன் வீடியோ சந்திப்புகள் ஏன் களைப்பூட்டுகின்றன என்று 2021-ல் எழுதியபோது, ஓயாமல் முறைக்கும் நெருக்கமான முகங்களையும், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டிருப்பதையும், அசையாமல் உட்கார வேண்டியிருப்பதையும் காரணங்களாகச் சொன்னார். இதில் ஒன்று எங்கள் தொழிலுக்குப் பழைய விஷயம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மற்றவர்கள் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டே 1913-ல் எழுதியிருக்கிறார். நோயாளியைச் சாய்வு மெத்தையில் படுக்க வைத்துவிட்டு அவர் தலைமாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். முகம் பார்த்தால்தான் சிகிச்சை என்று நாங்கள் அடித்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மெத்தை ஞாபகம் வந்துவிடுகிறது.

சரி, நாங்கள் இப்படித் தவித்துக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? இங்கேதான் எங்கள் தலையில் ஒரு குட்டு விழுகிறது. சிகிச்சை உறவு எப்படி இருந்தது என்று கேட்டால், வீடியோவிலும் நன்றாகத்தான் இருந்தது என்று நோயாளிகள் சொல்வதும், சிகிச்சை தருபவர்கள் ஒரு படி குறைத்தே சொல்வதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. மனச்சோர்வுக்கும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலுக்கும் வீடியோவில் தரும் பேச்சுச் சிகிச்சை நேரில் தருவதற்குப் பெரிதாகக் குறைந்ததில்லை என்பதும் ஓரளவு உறுதியாகிவிட்டது. ஆக நோயாளிக்காகக் கவலைப்படுகிறோம் என்று நாங்கள் சொன்னதில் பாதி, எங்களைப் பற்றிய கவலை. என் அறை, என் நாற்காலி, நான் மூடும் கதவு இவையெல்லாம் என் திறமையின் பாகம் என்று நினைத்திருந்தேன். அவை இல்லாமல் நான் யார் என்ற பயம் அது. இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வீடியோவில் கிடைத்தவையும் உண்டு. வீட்டு வாசலைத் தாண்டவே பயப்படுகிறவரை, வாசலைத் தாண்டி வந்தால்தான் சிகிச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்த அபத்தம் தீர்ந்தது. திரும்பத் திரும்பப் பூட்டைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவரோடு அவருடைய பூட்டின் முன்னாலேயே நிற்க முடிந்தது. நிறுத்தி வைத்த காரிலிருந்து பேசுபவர்கள் இருக்கிறார்கள், வீட்டில் அவர்களுக்குக் கதவுள்ள இடம் அது ஒன்றுதான். ஆனால் திரைக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் அடி வாங்குகிற ஒருவர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னால் அது யாருக்கான பதில்? அதனால் இப்போது ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் கேட்கிறேன்: இப்போது எந்த இடத்தில் இருக்கிறீர்கள், தனியாக இருக்கிறீர்களா, இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும், அவசரமென்றால் யாரை அழைக்க வேண்டும். முதல் இரண்டு முறை போலீஸ் விசாரணை மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும். உயிரை விடப்போகிறேன் என்று ஒருவர் திரையில் சொல்லும்போது அவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பது இந்தத் தொழிலின் ஆகப்பெரிய பயம். வீடியோவுக்கு மறுப்புச் சொல்பவர்கள் பலர் வெளியே சொல்லாத காரணமும் அதுதான்.

இப்போது உங்கள் டாக்டர். நான் இதுவரை சொன்னதெல்லாம் பேசிச் சரிசெய்யும் என் போன்றவர்களைப் பற்றி. மருந்து எழுதும் மனநல மருத்துவருக்கு உடம்பும் வேண்டும். உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஒரு டாக்டர் எதற்காக ஆறு வருடமாக வாசலுக்கு எழுந்து வந்து கூப்பிடுகிறார்? மரியாதைக்காகவும் இருக்கலாம். ஆனால் நாற்காலியிலிருந்து நீங்கள் எப்படி எழுகிறீர்கள், நடை நேராக இருக்கிறதா, தள்ளாடுகிறதா என்று அவர் பார்க்கிறார் என்றே நினைக்கிறேன். உங்கள் பதினைந்து நிமிடம் அந்த வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. கையை நீட்டச் சொல்வது நடுக்கத்தைப் பார்க்க. லித்தியத்தில் மெல்லிய நடுக்கம் சகஜம். அதுவே கரடுமுரடான நடுக்கமாக மாறி, நடையும் தடுமாறி, பேச்சும் குழறினால் ரத்தத்தில் மருந்து ஏறியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நல்லது செய்யும் அளவுக்கும் கெடுதல் செய்யும் அளவுக்கும் இடையே லித்தியத்தில் இடைவெளி குறைவு. வேறு சில மருந்துகளுக்குக் கை மூட்டைப் பிடித்து மடக்கி விறைப்பைப் பார்க்க வேண்டும், எடையும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். மூச்சில் சாராய வாடை அடிப்பதும் திரையில் தெரியாது.

அதற்காக அவர் செய்தது சரி என்று சொல்லிவிட மாட்டேன். காரணம் சொல்லாமல் மறுத்தது தவறு. நீங்கள் ஒரு நாளை இழக்கிறீர்கள். இப்படியே போனால் ஒரு தடவை தள்ளிப்போடுவீர்கள், அடுத்து இன்னொன்று, அப்புறம் மாத்திரையும் நிற்கும். நேரில் பார்ப்பதில் அவர் காப்பாற்ற நினைத்தது அப்போது மொத்தமாகப் போய்விடும்.

ஆறு வருடம் உங்களைப் பார்த்தவரைச் சட்டென்று மாற்ற வேண்டாம். உங்கள் நல்ல நாள் எப்படி இருக்கும், வேகம் ஏறும்போது பேச்சு எப்படி மாறும் என்று அவருக்குத் தெரியும். புது ஆள் வீடியோவில் அதைக் கற்றுக்கொள்ள நாளாகும். அடுத்த முறை போகும்போது, "வீடியோவில் பார்த்தால் என்னிடம் எதைப் பார்க்க முடியாமல் போகும் டாக்டர்?" என்று கேளுங்கள். முடியுமா முடியாதா என்று கேட்டால் மறுபடி முடியாது என்பார். இப்படிக் கேட்டால் பட்டியல் சொல்லியாக வேண்டும். அதில் எது நிஜமாகவே நேரில் வேண்டும், எது உங்கள் ஊர் லேபில் முடியும் என்று பிரித்துக்கொள்ளலாம். ரத்தத்தில் லித்தியம் அளவு, சிறுநீரகம், தைராய்டு இவற்றை அங்கேயே பார்த்து அனுப்பலாம். மூன்று முறை வீடியோ, நான்காவது முறை நேரில் என்று ஓர் ஏற்பாட்டை நீங்களே முன்வையுங்கள். உங்களுக்கு மாற்றம் தெரிந்தாலோ அவருக்குச் சந்தேகம் வந்தாலோ உடனே நேரில் வருவேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியும் முடியாது என்றால், கோபித்துக்கொள்ளாமல் உங்கள் கோப்பின் பிரதியையும் புது டாக்டருக்கு ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அது கையில் வரும்வரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

ஒருவேளை ஒத்துக்கொண்டால், முதல் அழைப்பில் கேமராவை மேஜையிலேயே வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி வைத்து, எழுந்து நான்கு எட்டு நடந்து காட்டிவிட்டு வந்து உட்காருங்கள். அவர் கேட்பதற்கு முன்னால் கையை நீட்டுங்கள்.