பழைய ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

கேள்வி: நகர மையத்தில் நூறாண்டு பழமையான ஹோட்டல். படங்களில் அரண்மனை, தங்கியவர்களில் பாதிப்பேர் தீப்பெட்டி அறை என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இரு தரப்பையும் நம்பலாம். ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளைப் பற்றிப் பேசுகிறார்கள். லிஃப்ட் வராத காலத்தில் வசதி படைத்தவர்கள் அதிகம் படியேற வேண்டாத கீழ்மாடிகளில் தங்கினார்கள். உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் அங்கேதான். சாய்கூரைக்கு அடியில் இருந்தவை பணியாளர் அறைகள். 1857இல் நியூயார்க் கடையொன்றில் ஓட்டிஸ் நிறுவனத்தின் பயணிகள் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. 1889இல் லண்டனின் சவாய் ஹோட்டல் திறக்கும்போதே லிஃப்ட் இருந்தது. மேல்மாடிக்கு மவுசு வந்தது அதன் பிறகுதான். ஆகவே ‘டீலக்ஸ்’ என்ற பெயரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எந்த மாடி, ஜன்னல் எந்தப் பக்கம், எத்தனை சதுர அடி என்று தொலைபேசியில் கேளுங்கள்.

கேள்வி: குளியலறை வாசலில் ஏன் படி?

பதில்: பாஸ்டனில் 1829இல் திறந்த ட்ரெமான்ட் ஹவுஸ் ஹோட்டலில் கழிப்பறைகள் தரைத்தளத்தில் மட்டுமே இருந்தன, கட்டடத்துக்குள் கழிப்பறை என்பதே அன்று பெரிய புதுமை. பல பழைய ஹோட்டல்களில் குளியலறை என்பது பின்னாளில் அறையின் மூலையைத் தடுத்துக் கட்டியது. கழிவுக்குழாய்க்குச் சரிவு வேண்டும், பழைய தளத்தை உடைக்க முடியாது, தரையை உயர்த்திவிடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் திரும்பி வரும்போது அந்தப் படிதான் காலை வாரும். விளக்கைப் போடாமல் போகாதீர்கள்.

கேள்வி: வெந்நீர் வரத் தாமதமாகிறதே?

பதில்: கொதிகலன் தொலைவில் இருக்கும். குழாயில் ஆறிக்கிடக்கும் நீர் முதலில் வெளியேற வேண்டும். காத்திருங்கள், படியையும் கவனியுங்கள்.

கேள்வி: பேய் நடமாட்டம் உண்டாமே?

பதில்: இரவுக் குளிரில் மரத்தளம் சுருங்கினால் சத்தம் வரும். அடுத்த கேள்வி.

கேள்வி: தெருப்பக்க அறையா, உள்முற்றப் பக்கமா?

பதில்: உள்முற்றம்.

மறுப்பு: நகர மையத்துக்குப் போவதே சதுக்கத்தைப் பார்க்கத்தான். இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தால் சத்தம் எங்கிருந்து வரும்?

பதில்: பாரம்பரியக் கட்டடங்களில் பழைய ஜன்னலை மாற்றப் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. உட்புறம் இன்னொரு ஜன்னல் வைக்கலாம்; நடுவே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தால் நன்றாகவே தடுக்கும். ஆனால் காற்றுக்காகத் திறந்த கணமே பலன் போய்விடும். நின்று உறுமும் பஸ்ஸின் தாழ்ந்த அதிர்வு, மூடிய கண்ணாடியையும் தாண்டி வரும். காட்சியைப் பகலில் வெளியே நின்று பார்க்கலாம். தூக்கத்தை எங்கே போய் வாங்குவீர்கள்?

இன்னொருவர்: முற்றப்பக்க அறையில் சமையலறை விசிறி நள்ளிரவுவரை இரைந்தது. இதுவா அமைதி?

பதில்: அது நியாயமான புகார். சமையலறைக்கு மேலே இல்லாத முற்றப்பக்க அறை என்று கேட்டு வாங்குங்கள். விசிறி ஒரு நேரத்தில் நிற்கும், தெரு நிற்காது. என் பதிலில் மாற்றமில்லை.

கேள்வி: என் அறை மட்டும் ஏன் சிறியது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. லிஃப்ட் இருக்கிறதாம், போதுமா?

பதில்: போதாது. வாசலிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி, சக்கர நாற்காலி அதற்குள் நுழையுமா, அறை இருக்கும் மாடியிலேயே நிற்குமா என்று கேளுங்கள். பிறகு குளியலறைப் படி. படியில்லாத குளியலறை கிடைக்காவிட்டால் அம்மாவுக்காக வேறு ஹோட்டல் பாருங்கள்.