மழையிலும் குளிரிலும் கோல்ஃப்: வாசகர் கேள்வி பதில்

மார்கழி விடுமுறைக்கு நுவரெலியா போகிறோம். லண்டனிலிருந்து வரும் மச்சான் அங்கே கோல்ஃப் விளையாடக் கூப்பிடுகிறார். என்னிடம் தடித்த கம்பளி ஜக்கெட் ஒன்று இருக்கிறது. அது போதுமா?
(கொக்குவில் வாசகர்)

அதை வாகனத்திலேயே விட்டுவிடுங்கள். 1889 இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகம் 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. விடியப்புறம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் குளிர், வெயில் ஏறினால் காணாமற்போகும். பிறகு மழை வரும். 18 குழியும் நடந்து முடிக்க நான்கு மணித்தியாலமாவது வேண்டும். அதற்குள் இரண்டு மூன்று தரம் கழற்றிப் போட வேண்டியிருக்கும். தடித்த ஒன்றைப் போட்டால் தோள் திரும்பாது. மேட்டில் ஏறும்போது வியர்த்து, நின்றதும் அந்த வியர்வையே குளிராகும்.

மெல்லியதாக மூன்று அடுக்கு போடுங்கள். தோலோடு ஒட்டியிருப்பது பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியில் நீளக்கைச் சட்டை. பருத்திப் பெனியன் மட்டும் வேண்டாம்: ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், காயாது. அதற்கு மேல் கையில்லாத சுவெட்டர். நெஞ்சுக்குச் சூடு, கைக்குச் சுதந்திரம். கடைசியில் மழை ஜக்கெட். வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பி, தையல்கள் மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நாடா இல்லாவிட்டால் ஊசித் துளைகளால் தண்ணீர் இறங்கும். உள்ளே போடுவதையெல்லாம் போட்டுக்கொண்டு, மட்டையை ஓங்குவதுபோல இரு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய்ப் பாருங்கள். கக்கம் இழுத்தாலோ, கீழ்விளிம்பு இடுப்புக்கு மேல் ஏறினாலோ அந்த அளவு சரிவராது.

மழைக் காற்சட்டை, சப்பாத்தைக் கழற்றாமலே ஏற்றக்கூடியதாக, பக்கத்தில் சிப் உள்ளதாக இருக்கட்டும். ஜீன்ஸ் நனைந்தால் கல்லாய்க் கனக்கும். பல கழகங்களில் உள்ளேயே விடமாட்டார்கள். காதை மூடும் கம்பளித் தொப்பியும் மாற்றுக் காலுறை இரண்டு சோடியும் சொப்பிங் பையில் சுற்றி வையுங்கள்.

கனடாவிலிருந்து சித்தப்பா கொண்டுவந்து தந்த மழை ஜக்கெட்டும் கோல்ஃப் சப்பாத்தும் பல வருடமாக அலுமாரியில் புத்தம் புதிதாக இருக்கின்றன. ஜக்கெட்டின் உள்பக்கம் மட்டும் கொஞ்சம் ஒட்டுகிறது. போடலாமா?
(நெல்லியடி வாசகர்)

ஜக்கெட்டை மறந்துவிடுங்கள். உள்ளே பூசியிருக்கும் பொலியூரித்தேன் நம்முடைய வெக்கையிலும் காற்றின் ஈரத்திலும் மெல்ல மெல்லச் சிதைகிறது. முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். கழுவினாலும் திரும்பாது. சப்பாத்திலும் இதே வில்லங்கம்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. நடு அடித்தட்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், முன்பாதத்தை மடித்துப் பாருங்கள். வெடிப்பு விட்டாலோ தூளாய் உதிர்ந்தாலோ போட வேண்டாம். தப்பினாலும் வீட்டு முற்றத்தில் அரை மணித்தியாலம் நடந்து சோதியுங்கள். அடித்தட்டு கழன்று ஐந்தாம் குழியில் வெறுங்காலோடு நிற்பதைவிட அது மேல்.

ஒட்டாமல், ஆனால் மேலே தண்ணீர் முத்தாக உருளாமல் துணியில் ஊறுகிற ஜக்கெட் வேறு கதை. மேற்பூச்சுத்தான் தேய்ந்திருக்கிறது. மென்மையாக்கித் திரவம் சேர்க்காமல் கழுவி, இரண்டு தரம் நன்றாக அலசி, நீர்விலக்கித் தெளிப்பான் அடித்தால் இன்னும் சில காலம் உழைக்கும்.

மழை தூறினாலே மட்டை கையை விட்டு வழுக்குகிறது. இறுக்கிப் பிடித்தால் பந்து எங்கேயோ போகிறது.
(யாழ். நகர் வாசகர்)

இறுக்கிப் பிடிப்பதுதான் கெடுக்கிறது. மணிக்கட்டு விறைக்க, மட்டையின் முகம், அதாவது பந்தை அடிக்கும் பக்கம், நேராக வராமல் வெளியே திறந்தபடியே பந்தில் படும். வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் ஓடும். தோல் கையுறை நனைந்தால் சவர்க்காரம்தான். மழைக் கையுறை இரண்டு கைக்கும் சோடியாக வரும். அது ஈரமானால்தான் நன்றாகப் பிடிக்கும், காய்ந்திருக்கும்போது சுமார். கிடைக்காவிட்டால் சாதாரண நூல் கையுறையும் உதவும்.

துவாய் மூன்று வேண்டும். ஒன்று குடைக்குள்ளே கம்பியில் தொங்கட்டும், அது பிடிக்கு மட்டும். இன்னொன்று மட்டை முகத்துக்கும் பந்துக்கும். மூன்றாவது பையின் அடியில், பொலித்தீனுக்குள். ஒழுங்கும் முக்கியம்: எந்த மட்டை என்று முடிவெடுக்கும்வரை பையின் மூடியைத் திறக்காதீர்கள். குடைக்குள் நின்றே பிடியைத் துடைத்து, அடிக்கும் கணத்தில் மட்டும் வெளியே வாருங்கள். மட்டையைப் புல்லில் போட்டால் செய்ததெல்லாம் வீண். முகத்தின் கோடுகளில் தண்ணீரோ சேறோ இருந்தால் பந்தில் சுழற்சி குறைந்து, எவ்வளவு தூரம் போகும் என்று கணிக்க முடியாது.

குளிரில் பந்து தூரம் போகாதாமே? சட்டைப்பையில் சூடாக்கும் பொதியோடு வைத்திருந்தால்?
(சுன்னாகம் வாசகர்)

போகாதுதான். குளிர்காற்று அடர்த்தி கூடியது, பந்தும் விறைத்துத் துள்ளல் குறையும், நனைந்த தரையில் உருளாது. 7ஆம் இலக்க அயன் மட்டை எடுக்கும் இடத்தில், இன்னும் தூரம் அடிக்கும் 6ஐ எடுத்து, நிதானமாக அடியுங்கள். ஆனால் பந்தை வேண்டுமென்றே சூடாக்கி ஆடுவதைக் கோல்ஃப் விதி 4.2 தடுக்கிறது. சூட்டுப் பொதி கைக்கு மட்டும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் பந்து கிடந்தால்? இடி முழங்கினால்?
(பருத்தித்துறை வாசகர்)

மழையால் தேங்கிய தண்ணீருக்கு விதி 16.1 இலவச நிவாரணம் தருகிறது. தண்ணீர் முழுதாக விலகும் மிக அண்மையான இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்குக் கிட்டப் போகாமல், முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள். தண்டப் பகுதியாகக் (penalty area) குறித்த குளத்துக்குள் விழுந்த பந்துக்கு இது செல்லாது.

இடி மின்னலென்றால் கழகம் எச்சரிக்கைச் சங்கு ஊதும். நீண்ட ஒற்றைச் சங்கு கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். கால் அடி தூரத்தில் பந்து இருந்தாலும் தட்டக்கூடாது. மூன்று குறுஞ்சங்கு என்றால் தொடங்கிய குழியை முடிக்கலாம், இரண்டு என்றால் மீண்டும் ஆட்டம். சங்கு ஊதாவிட்டாலும் மின்னல் ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால் நீங்களாகவே நிறுத்த விதி 5.7 இடம் தருகிறது, தண்டம் இல்லை. குடையை மடக்கி, தனிமரத்தடியைத் தவிர்த்து, கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போங்கள். பக்கம் திறந்த கோல்ஃப் வண்டி காப்பாற்றாது.