பத்து நிமிடப் பயணம்

கேள்வி: இளமையில் இலக்கின்றி அலைந்து, பின்னர் விமானியாகப் புகழ்பெற்றவர் யாரேனும் உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: அமெரிக்காவின் அமீலியா இயர்ஹார்ட் இருக்கிறாரே! டொரான்டோவில் போர்க்காயமுற்ற வீரர்களுக்குப் பணிவிடை செய்த அவர், 1919-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கனவோடு சேர்ந்து, ஓராண்டிலேயே அதையும் விட்டுவிட்டுக் கலிஃபோர்னியாவில் இருந்த பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். 1920 டிசம்பரில், லாங் பீச்சில் தந்தை 10 டாலர் கொடுத்துப் பத்து நிமிடப் பயணத்துக்கு ஏற்றிவிட்ட விமானம் சில நூறு அடி எழும்பியதுமே, தம் வழி எதுவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பயிற்சிக் கட்டணத்துக்காக லாரிகூட ஓட்டினார். புதிதாக வாங்கிய தோல் கோட்டு பழையதாகத் தெரிய வேண்டுமென்று, அதை அணிந்தபடியே மூன்று இரவுகள் தூங்கினாராம். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். பிறகு பணமுடையால் 1924-இல் தம் சொந்த விமானத்தை விற்று, பாஸ்டனில் சமூகப் பணிக்குப் போனவர், 1932-இல்தான் அட்லாண்டிக்கைத் தனியே பறந்து கடந்தார்.