வீட்டில் கேட்கிறது, சந்தையில் புரியவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 30 வருஷம் வேலை பார்த்தவர். வீட்டில் பேசினால் கேட்கிறது. கல்யாண வீடு, பஸ் ஸ்டாண்டு, சந்தை என்று போனால் பாதிப் பேச்சு புரியவில்லை என்கிறார். காது பரிசோதனையில் லேசான குறைதான் என்றார்கள். அவர் வேண்டுமென்றே கவனிக்காமல் இருப்பதாக அம்மா நினைக்கிறார். காது கேட்க உதவும் மெஷின் வாங்கலாமா?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் நடிக்கவில்லை.

உள்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. வயதாகும்போது முதலில் அழிவது கீச்சென்ற உயர் ஒலிகளை வாங்கும் செல்கள்தான். போனவை திரும்ப வளராது. ஃபேக்டரியில் தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சி.டி.சி. மெஷின் பக்கத்தில் பல வருஷம் நின்றிருந்தால் அந்த இரைச்சலும் இதே செல்களைத்தான் தாக்கியிருக்கும்.

நம் பேச்சில் ஆ, ஓ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த, பலமான ஒலிகள். ச, த, க, ப போன்றவை மெல்லியவை; சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டுவதோ இவைதான். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் அப்பாவுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கலாம். வீட்டில் பேச்சின் போக்கை வைத்து மூளை ஊகித்துவிடும். சந்தையில் அந்த மெல்லிய ஒலிகளை இரைச்சல் மூடிவிடுகிறது. அத்துடன் பல குரல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பிரித்தெடுக்கும் மூளையின் வேகமும் வயதோடு குறைகிறது. அவர் சீக்கிரம் களைத்துப்போவதும், கூட்டத்துக்கு வரத் தயங்குவதும் இதனால்தான்.

நீங்கள் செய்த பரிசோதனை, அமைதியான அறையில் எவ்வளவு மெல்லிய 'பீப்' கேட்கிறது என்று பார்ப்பது. சந்தையில் என்ன புரியும் என்பதை அது சொல்லாது. இரைச்சலுக்கு நடுவே சொற்களைச் சொல்லிப் புரிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மலையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது காது அடைப்பது காற்றழுத்தத்தால் வருவது, அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

சரி, மெஷின்? உதவும், ஆனால் இளமைக் காதைத் திருப்பித் தராது. இரண்டு காதிலும் குறை இருந்தால் இரண்டுக்கும் போடுவதே நல்லது. எந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வருகிறது என்று பிரிக்க மூளைக்கு இரு காதும் வேண்டும். எதிரில் இருப்பவர் குரலைத் தூக்கிக்கொடுக்கும் மைக் உள்ளதாகக் கேளுங்கள். முடிந்தால் சில நாள் போட்டுப் பார்க்க வாங்கி, சந்தைக்கும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். நம் ஊர்க் குளிருக்குக் காதோடு இழுத்துவிடும் குல்லாவும் மஃப்ளரும் மைக்கை மூடி உரசும், கவனம். மழைக்கால ஈரம் மெஷினுக்குள் இறங்காமல் இருக்க, இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள்.

மெஷின் வரும் முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெருக்கிறது, தெளிவு வராது. பழுதான உள்காதுக்குப் பெருஞ்சத்தம் வலிக்கவும் செய்யும். கிட்டே போங்கள். தூரம் பாதியானால் திறந்த வெளியில் குரல் 6 டெசிபல் கூடுகிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்து, கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது முக்கியமான விஷயம் எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் அது வயதுக் குறை அல்ல. அன்றே காது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.