பினாயிலுக்குப் பயப்படாத நாற்றம்

கேள்வி: நங்கநல்லூரில் மூன்று மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் வசிக்கிறோம். காலையில் மேல்வீடுகளில் புழக்கம் தொடங்கியதும் எங்கள் குளியலறைத் தரையில் ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வருகிறது. சிறிது நேரத்தில் அழுகிய முட்டை நாற்றம் கூடம் வரை பரவிவிடுகிறது. பினாயில், ஆசிட், பாச்சை உருண்டை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டோம். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் நாற்றம் அதிகமாகிறது. தரையை உடைக்க வேண்டும் என்கிறார் பிளம்பர். வேறு வழி இல்லையா ஐயா?

பதில்: இருக்கிறது அம்மா. மொட்டை மாடியைப் பார்க்காமல் யாரையும் கடப்பாரையைத் தூக்க விடாதீர்கள். நாற்றத்துக்கு முன்னால் சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது.

குளியலறைத் தரையில் ஜாலிக்குக் கீழே இருக்கும் நானி டிராப் என்ற கிண்ணத்தில் எப்போதும் சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். சாக்கடைக் காற்றுக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவு அந்தத் தண்ணீர்தான். மேலே ஒருவர் ஃப்ளஷ் செய்ததும் தண்ணீர் மொத்தமாகக் குழாயில் இறங்குகிறது. அப்போது தனக்குக் கீழே உள்ள காற்றைத் தள்ளுகிறது, மேலே உள்ள காற்றை இழுக்கிறது. குழாயின் தலை மொட்டை மாடியில் திறந்திருந்தால் இழுக்க வேண்டிய காற்று அங்கிருந்து வந்துவிடும். அடைபட்டிருந்தால் வீடுகளுக்குள் இருக்கும் டிராப்களிலிருந்து வரும். வரும்போது அங்கே நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகும். தரைத்தளத்துக்குக் கீழ்நோக்கித் தள்ளப்படும் காற்றின் தொல்லையும் உண்டு. நீங்கள் கேட்கும் ‘குளுக்’ அதுதான்.

நீங்களே கண்ணால் பார்த்துவிடலாம். ஜாலியை எடுத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். நீர்மட்டம் பளபளவென்று தெரியும். மேல்வீட்டில் ஃப்ளஷ் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் ஒரு தடவை எம்பிக் குமிழியிடும், பிறகு உள்ளே இழுபடும். டிராப்பின் சுவரில் பழைய மட்டம் ஈரக் கோடாக நிற்கும். கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி விழுந்தால் காற்றுதான் காரணம் என்பது உறுதி.

அடுத்து மொட்டை மாடி. வென்ட் பைப்பின், அதாவது நான் சொன்ன குழாயின் காற்றுப் போகும் தலைப்பகுதியின், வாயில் மூடி போட்டிருக்கிறார்களா, சாக்குத் துணி அடைத்திருக்கிறார்களா, காக்கை கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மழைக்காலம் முடிந்து கொசு பெருகியதும் இந்த வாயை அடைத்துவிடுவது சென்னைக் குடியிருப்புகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. மேலே நிற்பவருக்குக் கொசு குறைகிறது, கீழே இருப்பவர் நாள் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. கொசுவைத் தடுக்க வலை கட்டினால் போதும். துணி உலர்த்துபவர்களுக்கு நாற்றம் அடித்தால் அதே அளவுக் குழாயைத் தலைக்கு மேல் போகும்படி நீட்டுங்கள். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக முடியக் கூடாது.

வாய் திறந்திருந்தும் சத்தம் நிற்கவில்லையென்றால் தரைத்தளக் கழிவுக் குழாயைப் பொதுக் குழாயோடு சேர்க்காமல் தனியாக வெளித் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். முதலிலேயே அப்படித்தான் கட்டியிருக்க வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் கதவை மூடிய அறையில் ஓடினால் எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். தண்ணீர் வற்றிய டிராப் அதற்கு வசதியான வழி. ஆசிட் ஊற்றிய இடத்தில் மட்டும் பிளீச்சிங் பவுடர் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைப் பாதிக்கும் நஞ்சு அது.

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி அறை மகன் ஊருக்கு வரும்போது மட்டும் திறக்கப்படும். திறந்தாலே நாற்றம். செப்டிக் டேங்க் நிறைந்திருக்குமோ? ஆளை இறக்கிப் பார்க்கலாமா?

பதில்: அறை நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் டிராப்பில் தண்ணீர் வற்றியதுதான். சித்திரை வெயிலில் சீக்கிரமே வற்றிவிடும். வாரம் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். மாதக்கணக்கில் பூட்டுவதாக இருந்தால் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள், ஆவியாவது குறையும். ஏ.சி. தண்ணீர் சொட்டும் குழாயைக் கழிவுக் குழாய்க்குள் சொருகியிருந்தால் சாக்கடைக் காற்று அதன் வழியாகவும் அறைக்குள் வரும், இன்றே வெளியே எடுங்கள்.

ஆளை மட்டும் இறக்காதீர்கள், ஐயா. பார்த்துவிட்டு உடனே ஏறிவிடுவார் என்று நினைத்தும் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அதிகமானால் முதலில் மூக்கின் உணர்வை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் அங்கேயே விழுந்துவிடுவார். காப்பாற்றப் போகிறவரும் விழுவார். பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. கழிவுநீர் லாரியை வரவழையுங்கள். அவர்கள் மேலே நின்றபடியே குழாயை விட்டு உறிஞ்ச வேண்டும். மூடி திறந்திருக்கும் நேரத்தில் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், யாரையும் பீடி, சிகரெட் பற்றவைக்க அனுமதிக்காதீர்கள்.